வேலி ஓரத்து ஆட்கள்: பேஸ்பாலில் ரிலீவர் என்பவர் யார்?

2019 மே 22, நியூயார்க். நியூயார்க் மெட்ஸுக்கு எதிராக வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி 1-0 என்று முன்னிலையில் இருக்கிறது. அவர்களுடைய நட்சத்திர பிட்சர் மாக்ஸ் ஷெர்ஸர் ஆறு இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூட கொடுக்காமல் போய் உட்கார்ந்துவிட்டார். மீதி வேலையை மற்றவர்கள் முடிக்க வேண்டும். எட்டாவது இன்னிங்ஸில் ஆட்டம் கைநழுவியது. முதலில் மூன்று ரன் போனது. அப்புறம் மெட்ஸின் ராஜாய் டேவிஸ் என்ற மூத்த வீரர் பேட்டோடு வந்தார். அன்று காலைவரை அவர் பென்சில்வேனியாவில் இரண்டாம் நிலை அணியோடு இருந்தவர். திடீரென்று அழைப்பு வர, ஊபர் பிடித்து, ஆட்டம் தொடங்கிய பிறகுதான் மைதானத்துக்கே வந்து சேர்ந்தார். வந்தவர் ஒரு ஹோம் ரன் அடித்தார், இன்னும் மூன்று ரன். (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பதுதான் ஹோம் ரன். அடித்தவரும், ஓடும் வழியில் உள்ள பேஸ் என்ற நிறுத்தங்களில் அப்போது நின்றவர்களும் ஆளுக்கொரு ரன் எடுப்பார்கள்.) முடிவு 6-1. அடிவாங்கிய பிட்சர் ஷான் டூலிட்டில், நேஷனல்ஸ் அணியிலேயே மிகவும் நம்பகமானவர் என்று பெயர் எடுத்திருந்தவர்.

மறுநாளும் அதே எட்டாவது இன்னிங்ஸ், அதே மாதிரி மூன்று ரன் ஹோம் ரன், அதே மாதிரி தோல்வி. அதோடு நேஷனல்ஸ் கணக்கு 19 வெற்றி, 31 தோல்வி. அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டியின் கோப்பையைத் தூக்கியதும் இதே அணிதான்.

பேஸ்பாலில் ரிலீவர் என்றால் யார், அவர்களுடைய எண்கள் ஏன் இப்படி ஊஞ்சல் ஆடுகின்றன என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல சீசன் எனக்குத் தெரியாது. ஆட்டம் அறிந்தவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி பழைய செய்தி. இது புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு.

முதலில் அடிப்படை

ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் மூன்று அவுட். ஆக, எதிரணியின் 27 பேரை அவுட் ஆக்கினால் வேலை முடிந்தது. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிறவர் ஸ்டார்ட்டர். ஓர் அணியில் பொதுவாக ஐந்து ஸ்டார்ட்டர்கள் முறைவைத்து வீசுவார்கள். ஒருவர் வீசினால் நான்கைந்து நாள் ஓய்வு. நல்ல நாளில் ஆறு, ஏழு இன்னிங்ஸ் போவார். சுமார் நூறு பந்து வீசியதும் தோள் தளரும். அதைவிட முக்கியமாக, எதிரணி பேட்டர்கள் ஒன்பது பேரும் அவரை மூன்றாவது முறை சந்திக்கத் தொடங்குவார்கள். பந்து எங்கே வளைகிறது, எப்போது வேகம் குறைகிறது என்பதெல்லாம் அதற்குள் அவர்களுக்குப் பிடிபட்டிருக்கும். மூன்றாவது சுற்றில் ஸ்டார்ட்டர்கள் அதிகம் அடிவாங்குவது புள்ளிவிவரத்தில் தெளிவாகவே தெரியும்.

அப்போது வருகிறவர்தான் ரிலீவர். ரிலீவர்கள் காத்திருக்கும் இடம் புல்பென். பெரும்பாலான மைதானங்களில் வெளி வேலியை ஒட்டி இருக்கும். காளைப் பட்டி என்று பொருள். அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எதையும் சத்தியம் செய்து சொல்ல முடியாது. அந்த ஏழெட்டு பேரை மொத்தமாகக் குறிக்கவும் அதே சொல்தான். 'இந்த வருஷம் எங்க புல்பென் சரியில்லை' என்று ஒரு ரசிகர் புலம்பினால், அவர் இடத்தைச் சொல்லவில்லை, ஆட்களைச் சொல்கிறார்.

அங்கே ஒரு தொலைபேசி இருக்கும். அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளரை மேனேஜர் என்பார்கள். அவர் பக்கத்திலிருந்து அது ஒலித்தால் ஒருவர் எழுந்து தோளைச் சூடாக்கத் தொடங்குவார். கூப்பிடாமலே போகலாம். சூடாக்கிவிட்டு வீசாமல் உட்கார்ந்தாலும் தோளுக்கு அது உழைப்புதான். ஆனால் அந்த உழைப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரை நிறுத்திவிட்டு, பத்து ஓவர் கழித்து மறுபடி கூப்பிடலாம். பேஸ்பாலில் ஆட்டத்தை விட்டு வெளியே அனுப்பிய பிட்சர் அன்றைக்குத் திரும்பி வரவே முடியாது. அதனால் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கதவை மூடுவது மாதிரி. மேனேஜர் ஒருவரை எடுத்தால் அவரை இழக்கிறார். எடுக்காவிட்டால் ரன்னை இழக்கலாம். இரவு பத்து மணிக்கு, பிட்சர் நின்று வீசும் மேடையை நோக்கி மெதுவாக நடந்து வரும் மேனேஜரின் முகத்தைப் பார்த்தால் இது புரியும்.

க்ளோசரும் ஒரு பத்திரிகையாளரும்

புல்பென்னில் ஒரு படிநிலை உண்டு. அணி பெரிய வித்தியாசத்தில் தோற்றுக்கொண்டிருக்கும்போது வந்து நான்கு இன்னிங்ஸ் அடிவாங்கி மற்றவர்களின் தோளைக் காப்பாற்றுகிறவர் கீழ்ப்படி. நடுவில் ஆறாவது, ஏழாவது இன்னிங்ஸ்காரர்கள். எட்டாவதுக்கு ஒருவர். உச்சியில் ஒன்பதாவது இன்னிங்ஸை முடித்து வைக்கும் க்ளோசர். பெயரும் பணமும் அவருக்குத்தான்.

இந்தப் படிநிலை உறுதியானதற்கு ஒரு புள்ளிவிவரம் பெரிய காரணம். பேஸ்பாலில் ஒவ்வோர் ஆட்டத்தின் வெற்றியையும் தோல்வியையும் ஒரு பிட்சர் பெயரில் எழுதுவார்கள். 1959-இல் பிட்ஸ்பர்க் அணியின் ரிலீவர் எல்ராய் ஃபேஸ் 18 வெற்றி, 1 தோல்வி என்று கணக்கு வைத்திருந்தார். கேட்க அற்புதம். ஆனால் சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் உற்றுப் பார்த்தபோது, அந்த வெற்றிகளில் சில எப்படி வந்தன என்று புரிந்தது. முன்னிலையை ஃபேஸே கோட்டைவிட்டு, பிறகு அவருடைய அணி அடித்து ஜெயித்த ஆட்டங்களும் அதில் இருந்தன. சொதப்பியவருக்கு வெற்றி, கச்சிதமாகக் காப்பாற்றியவருக்கு ஒன்றுமில்லை. இதைச் சரிசெய்ய ஹோல்ட்ஸ்மன் உருவாக்கியதுதான் 'சேவ்'. 1969-இல் அது அதிகாரபூர்வமான கணக்காயிற்று.

இன்றைய விதி சுருக்கமாக இது: மூன்று ரன்னுக்கு மிகாத முன்னிலையோடு வந்து, குறைந்தது ஓர் இன்னிங்ஸ் வீசி, அந்த முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்தால் ஒரு சேவ். இன்னும் இரண்டு வழிகள் உண்டு, இப்போதைக்கு இது போதும். முன்னிலையைப் பறிகொடுத்தால் 'ப்ளோன் சேவ்', அதாவது கோட்டைவிட்ட கணக்கு. இதில் உச்சம் நியூயார்க் யாங்கீஸின் மரியானோ ரிவேரா. 652 சேவ். ஒரே மாதிரியான கட்டர் என்ற பந்தையே ஆண்டுக்கணக்கில் வீசி, என்ன வருகிறது என்று தெரிந்தே பேட்டர்களைத் திணறடித்தவர். 2019-இல் புகழ்மண்டபத்துக்கு ஒரு வாக்குகூட எதிராக விழாமல் தேர்வான முதல் ஆள்.

என்னைக் கேட்டால், சேவ் ஒரு நல்ல எண்ணத்தில் பிறந்த கெட்ட பழக்கம். கணக்கு வந்ததும் மேனேஜர்கள் கணக்குக்கு ஏற்ப ஆடத் தொடங்கினார்கள். எட்டாவது இன்னிங்ஸில் பேஸ்கள் நிரம்பி, எதிரணியின் மிகச் சிறந்த பேட்டர் வரும்போது நான்காம் தரப் பிட்சர் வீசுவார். சிறந்த பிட்சரோ ஒன்பதாவதில் மூன்று ரன் முன்னிலையில், கீழ்வரிசை ஆட்களுக்கு வீசுவதற்காக வேலி ஓரத்தில் காத்திருப்பார். சமீப ஆண்டுகளில் இது கொஞ்சம் மாறியிருக்கிறது.

இ.ஆர்.ஏ. என்ற எண்ணை நம்பலாமா?

பிட்சர்களை அளக்கும் மிகப் பழகிய எண் இ.ஆர்.ஏ. ஒரு பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்பது அது. ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்களைக் கழித்துவிடுவார்கள். கொடுத்த ரன்னை ஒன்பதால் பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுத்தால் விடை. மூன்றுக்குக் கீழே இருந்தால் அருமை, நான்கு சுமார், ஐந்துக்கு மேல் போனால் கவலை.

இப்போது டிரெவர் ரோசென்தாலைப் பார்ப்போம். ஒருகாலத்தில் செயின்ட் லூயிஸ் அணியின் க்ளோசர். முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு 2019-இல் நேஷனல்ஸில் சேர்ந்தார். முதல் நான்கு முறை மேடைக்கு வந்தபோதும் ஒருவரைக்கூட அவுட் ஆக்கவில்லை. ரன் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. வகுக்க வேண்டிய இன்னிங்ஸ் பூஜ்யம். பள்ளிக்கூடக் கணக்கில் பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள் அல்லவா, அதுதான் நடந்தது: அவருடைய இ.ஆர்.ஏ. முடிவிலி. ஐந்தாவது ஆட்டத்தில்தான் முதல் அவுட். ஜூனில் அணி அவரை விடுவித்தபோது 6⅓ இன்னிங்ஸில் 16 ரன், 15 வாக். பேட்டரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவதற்குத்தான் வாக் என்று பெயர். இ.ஆர்.ஏ. 22.74.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 6⅓. ஒரு ஸ்டார்ட்டர் ஒரே நாளில் வீசும் அளவு அது. ரிலீவருக்கோ அது மூன்று மாதம்.

ரிலீவர்களின் ஊஞ்சலுக்கு முதல் காரணம் இந்த எளிய வகுத்தல்தான். ஸ்டார்ட்டர் ஒரு சீசனில் 180 இன்னிங்ஸ் வீசுகிறார் என்று வையுங்கள். ஒரு கெட்ட நாளில் கூடுதலாக ஐந்து ரன் கொடுத்தால் அவருடைய இ.ஆர்.ஏ. 0.25 ஏறும். யாரும் கவனிக்கமாட்டார்கள். ரிலீவர் வீசுவது 60 இன்னிங்ஸ். அதே ஐந்து ரன் அவருக்கு 0.75 ஏற்றிவிடும். அப்படி இரண்டு கெட்ட இரவுகள் போதும், 2.50 என்று இருந்தவர் 4.00 ஆகிவிடுவார். மீதி ஐம்பத்தெட்டு இரவும் அவர் ஒழுங்காகத்தான் வீசியிருப்பார். டூலிட்டில் அந்த ஆண்டு முழுக்க சரியாக 60 இன்னிங்ஸ் வீசினார், 27 ரன் கொடுத்தார், 4.05. மே 22 போல, இன்னும் ஓர் ஆகஸ்ட் இரவு போல, சில இரவுகள் இல்லாமல் இருந்திருந்தால் அந்த எண் வேறு ஆளுடையதாகத் தெரிந்திருக்கும்.

இன்னொரு கோளாறும் உண்டு. ஒரு பிட்சர் மூன்று பேரை பேஸ்களில் விட்டுவிட்டுப் போகிறார். அடுத்து வந்த ரிலீவர் அடிவாங்கி மூவரும் ஓடி வந்துவிட்டால், அந்த மூன்று ரன்னும் முந்தையவர் கணக்கில்தான் ஏறும். வந்தவரின் இ.ஆர்.ஏ. வெள்ளை வேட்டி மாதிரி பளிச்சென்று இருக்கும். வீட்டைப் பற்றவைத்தது ஒருவர், அணைக்க வந்து எண்ணெய் ஊற்றியது இன்னொருவர். பழி முதல் ஆளுக்கு மட்டும்.

தோள் என்ற பண்டம்

சரி, எண் மட்டும்தான் ஆடுகிறதா, ஆளும் ஆடுகிறாரா? ஆளும்தான் ஆடுகிறார்.

பெரும்பாலான ரிலீவர்களிடம் இரண்டே வகைப் பந்துகள்தான் இருக்கும். ஒன்று வேகம், இன்னொன்று வளைவு. ஓர் இன்னிங்ஸ் வீசுகிறவருக்கு அது போதும், பேட்டர் அவரை ஒருமுறைதான் பார்க்கப்போகிறார். ஆனால் இரண்டில் ஒன்று அன்றைக்கு வளையவில்லை என்றால் கையில் ஒன்றுதான் மிச்சம். நான்கு வகைப் பந்து வைத்திருக்கும் ஸ்டார்ட்டர் ஒன்று கைகொடுக்காவிட்டால் மற்ற மூன்றை வைத்து ஒப்பேற்றிவிடுவார்.

அப்புறம் களைப்பு. இது ஒரு சங்கிலி. செவ்வாய்க்கிழமை ஸ்டார்ட்டர் மூன்றாவது இன்னிங்ஸிலேயே அடிவாங்கி வெளியேறுகிறார் என்று வைப்போம். மீதி ஆறு இன்னிங்ஸுக்கு நான்கு ரிலீவர்கள் வீசுகிறார்கள். புதன்கிழமை ஆட்டம் நெருக்கமாக இருக்கிறது, நல்ல ரிலீவர்கள் மறுபடி வருகிறார்கள். வியாழக்கிழமை அவர்களில் யாரும் வீச முடியாது. அப்போது ஏழாவது இன்னிங்ஸில் ஒரு ரன் முன்னிலையோடு மேடைக்கு வருகிறவர், மற்ற நாட்களில் பத்து ரன் வித்தியாசத்தில் மட்டும் வருகிறவர். அவர் கோட்டைவிடுகிறார். ரசிகர்கள் அவரைத் திட்டுகிறார்கள். ஆட்டம் தோற்றது உண்மையில் செவ்வாய்க்கிழமை.

162 ஆட்டம், ஆறு மாதம், வாரத்துக்கு ஒருநாள் ஓய்வுகூட நிச்சயமில்லை. இந்தச் சங்கிலி எப்போதும் ஏதோ ஓர் அணியின் கழுத்தை நெரித்துக்கொண்டேதான் இருக்கும். பலமான ஸ்டார்ட்டர்கள் உள்ள அணிகளின் புல்பென் நன்றாக இருப்பதாகத் தோன்றுவதற்கு இதுவும் காரணம். குறைவாக வேலை, அதிலும் சரியான ஆளுக்குச் சரியான வேலை.

நேஷனல்ஸ் விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால் அவர்களுடைய ஸ்டார்ட்டர்கள் அபாரம். ஷெர்ஸர், ஸ்டீபன் ஸ்டிராஸ்பர்க், பேட்ரிக் கார்பின், அனிபல் சாஞ்செஸ். ஆறு இன்னிங்ஸ் ஏழு இன்னிங்ஸ் அசராமல் போகிறவர்கள். ஆனால் புல்பென்னில் டூலிட்டிலைத் தவிர நம்ப ஆளில்லை. ரோசென்தால் கதை சொல்லிவிட்டேன். ஜூனில், 42 வயதில், அந்த சீசனில் ஆடியவர்களிலேயே மூத்தவரான ஃபெர்னாண்டோ ரோட்னியைக் கூட்டிவந்தார்கள். அந்த அளவுக்குத் தட்டுப்பாடு. ஒரே ஆளை நம்பினால் அவர் தேய்வார். டூலிட்டில் தேய்ந்தார்.

ஜூலை 31

அமெரிக்க பேஸ்பாலில் சீசன் நடுவே அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் ஒன்று உண்டு. 2019-இல் அது ஜூலை 31. அதற்கு முந்தைய ஆண்டுவரை ஆகஸ்டிலும் சுற்றிவளைத்து ஆள் பிடிக்க ஒரு வழி இருந்தது. அந்த ஆண்டு அதை அடைத்துவிட்டார்கள். எனவே அன்றைக்கே வாங்கியாக வேண்டும்.

நேஷனல்ஸ் மூன்று ரிலீவர்களை வாங்கியது. சியாட்டிலிலிருந்து ரோயெனிஸ் எலியாஸ், ஹன்டர் ஸ்டிரிக்லண்ட். டொராண்டோவிலிருந்து டேனியல் ஹட்சன்.

எலியாஸ் புதிய அணிக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே பேட் பிடிக்கவேண்டி வந்தது. அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு பிரிவுகளில் ஒன்று நேஷனல் லீக், நேஷனல்ஸ் அதில்தான் ஆடுகிறது. அப்போது அந்தப் பிரிவில் பிட்சர்களும் பேட் செய்ய வேண்டும். பந்தை அடிக்கவே வேண்டாம், சும்மா நில் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் அடித்தார், ஓடினார், தொடைத்தசை பிடித்துக்கொண்டது. ஒரு மாதத்துக்கு ஆள் இல்லை. ஸ்டிரிக்லண்ட் உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கும்போது மூக்கை உடைத்துக்கொண்டார். கதை எழுதுகிறவர் இப்படி எழுதினால் நம்பமாட்டோம்.

ஹட்சனைப் பற்றி வாங்கிய அன்று யாரும் பெரிதாகப் பேசவில்லை. இரண்டு முறை முழங்கை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், பல அணிகள் மாறியவர். நேஷனல்ஸுக்கு 24 ஆட்டங்களில் 25 இன்னிங்ஸ் வீசி 4 ரன் மட்டும் கொடுத்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1.44.

அவர் வந்தது நல்லதாயிற்று. ஆகஸ்ட் 17 அன்று மில்வாக்கி அணிக்கு எதிராக டூலிட்டில் ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று ஹோம் ரன் வாங்கி முன்னிலையைப் பறிகொடுத்தார். ஆட்டம் 14 இன்னிங்ஸ் இழுத்து 15-14 என்று தோல்வி. அடுத்து அவருக்கு முழங்கால் வீக்கம் என்று காயப்பட்டியலில் சேர்த்தார்கள். இரண்டு வார ஓய்வு. அவர் திரும்பியபோது ஒன்பதாவது இன்னிங்ஸ் அவருடைய தனிச்சொத்தாக இல்லை. மேனேஜர் டேவி மார்ட்டினெஸ் நிலைமையைப் பார்த்து ஹட்சனையோ டூலிட்டிலையோ கூப்பிடத் தொடங்கினார்.

கோட்டைவிடுவது நேஷனல்ஸின் தனியுரிமை என்று நினைத்துவிட வேண்டாம். செப்டம்பர் 3 அன்று நியூயார்க் மெட்ஸ் அவர்களுக்கு எதிராக ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பாதியில் ஐந்து ரன் அடித்து 10-4 என்று முன்னேறியது. வாஷிங்டன் ரசிகர்கள் பாதிப்பேர் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். கீழ்ப்பாதியில் நேஷனல்ஸ் ஏழு ரன் அடித்து 11-10 என்று ஜெயித்தது. கடைசி அடி கர்ட் சுஸுகியின் மூன்று ரன் ஹோம் ரன். அதை வாங்கிய மெட்ஸ் க்ளோசர் எட்வின் டியாஸ், அதற்கு முந்தைய ஆண்டு சியாட்டிலுக்காக 57 சேவ் எடுத்தவர், இ.ஆர்.ஏ. 1.96. 2019-இல் 5.59. மூன்று ஆண்டு கழித்து 2022-இல் 1.31. கை அதேதான், பந்தும் அதேதான்.

சீசன் முடிவில் நேஷனல்ஸ் 93 வெற்றி, 69 தோல்வி. அந்த மே மாதப் படுகுழிக்குப் பிறகு 74-38. புல்பென்னின் மொத்த இ.ஆர்.ஏ. மட்டும் 5.6-க்கு மேலேயே நின்றது. நேஷனல் லீகில் கடைசி இடம். அவ்வளவு மோசமான புல்பென் எண்ணோடு அதற்கு முன் எந்த அணியும் கோப்பை வென்றதில்லை.

அக்டோபரில் என்ன மாறியது

பதில் சுலபம்: ஆட்கள் குறைந்தார்கள்.

சீசனில் ஆறு மாதம் தினமும் ஆட வேண்டும், அதற்கு எட்டு ரிலீவர் தேவை. சீசனுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்றுகளில் பயணத்துக்கென்று ஓய்வு நாள் வரும், நாளைக்கு ஆட்டம் மிச்சமிருக்குமா என்பதே தெரியாது. அதனால் நல்ல ஸ்டார்ட்டர்களையே ரிலீவர்களாக்கலாம். மார்ட்டினெஸ் அதைத் துணிந்து செய்தார். அக்டோபர் 1, தோற்றால் வீட்டுக்குப் போகும் ஒற்றை ஆட்டம். ஷெர்ஸர் தொடங்கினார், ஸ்டிராஸ்பர்க் நடுவில் மூன்று இன்னிங்ஸ் ரிலீவராக வந்தார், ஹட்சன் முடித்தார். 4-3. அடுத்த சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு எதிராக ஷெர்ஸர் எட்டாவது இன்னிங்ஸுக்கு மட்டும் வந்து மூன்று பேரையும் ஸ்டிரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார். கார்பின் அதே வேலைக்கு வந்து ஒரே இன்னிங்ஸில் 6 ரன் வாங்கினார். எல்லாம் பலித்தது என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மாதம் முழுவதும் பெரும்பங்கை வீசியது நான்கு ஸ்டார்ட்டர்கள், ஹட்சன், டூலிட்டில் ஆகிய ஆறே பேர். 5.6 என்ற எண்ணுக்குச் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் வேலி ஓரத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்கள்.

அணியின் புல்பென் இ.ஆர்.ஏ. என்பது ஒரு குடும்பத்தின் சராசரி வயது மாதிரி. தாத்தாவையும் கைக்குழந்தையையும் கூட்டி வகுத்தால் முப்பத்தைந்து வரும், அந்த வயதில் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஏழாவது ஆட்டம்

அக்டோபர் 30, ஹூஸ்டன். உலகத் தொடர் 3-3. நமக்கு அது 31-ஆம் தேதி காலை, இட்லிக்கும் அலுவலகத்துக்கும் நடுவில்.

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸின் ஸாக் கிரெய்ன்கி ஆறு இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட் (பேட்டர் அடித்து பேஸ் சேர்வது) கொடுத்திருந்தார். ஹூஸ்டன் 2-0 முன்னிலை. ஏழாவதில் ஆந்தனி ரென்டோன் ஒரு ஹோம் ரன் அடித்தார், 2-1. அடுத்து ஹுவான் சோட்டோவுக்கு வாக். கிரெய்ன்கி அதுவரை வீசியது 80 பந்துதான். மேனேஜர் ஏ.ஜே. ஹிஞ்ச் வந்து அவரை எடுத்துவிட்டு வில் ஹாரிஸைக் கூப்பிட்டார்.

அந்த சீசனில் ஹாரிஸ் 60 இன்னிங்ஸ் வீசி 10 ரன் கொடுத்தவர். 1.50. முந்தைய நாள் ஆறாவது ஆட்டத்தில் ரென்டோனிடம் ஒரு ஹோம் ரன் வாங்கியிருந்தார் என்பது வேறு விஷயம். அவரைக் கூப்பிட்டது தவறு என்று நான் சொல்லமாட்டேன், கிரெய்ன்கியை எடுத்ததைப் பற்றித்தான் ஹூஸ்டனில் இன்னும் சண்டை போடலாம். இரண்டாவது பந்து. வெளிப்பக்கம், தாழ்வாக, நல்ல இடத்தில் போட்ட கட்டர். ஹவீ கென்ட்ரிக் எட்டிப்பிடித்து அடிக்க, அது வலதுபுறக் கோட்டில் பறந்துபோய் எல்லைக் கம்பத்தில் மோதியது. அரை அடி வெளியே போயிருந்தால் வீணான அடி. கம்பத்தில் பட்டதால் ஹோம் ரன், 3-2.

முன்பு சொன்ன கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். சோட்டோவின் ரன் கிரெய்ன்கி பெயரில் ஏறியது. கென்ட்ரிக்கின் ரன் ஹாரிஸ் பெயரில். ஹாரிஸுக்கு ஒரு ப்ளோன் சேவ், கூடவே தோல்வியும்.

எதிர்ப்பக்கம் ஷெர்ஸர் ஐந்து இன்னிங்ஸ் வீசிவிட்டுப் போக, லாஸ் ஏஞ்சலஸில் 6 ரன் வாங்கிய அதே கார்பின் வந்து மூன்று இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசினார். ஒன்பதாவதுக்கு ஹட்சன். கடைசி ஆளை ஸ்டிரைக் அவுட் செய்ததும் கையுறையைத் தூக்கி எறிந்தார். 6-2.

அதற்குப் பிறகு

அந்தக் குளிர்காலத்தில் நேஷனல்ஸ் புல்பென்னைப் பலப்படுத்த யாரை வாங்கியது தெரியுமா? வில் ஹாரிஸை. மூன்று ஆண்டுக்கு 2.4 கோடி டாலர். கம்பத்தில் மோதிய ஒரு பந்தைவிட அறுபது இன்னிங்ஸைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள், அது சரியான கணக்குதான். இரண்டாவது ஆண்டில் 8 ஆட்டங்களுக்குப் பிறகு அவருக்கு அறுவைச் சிகிச்சை.

ஹட்சனையும் தக்கவைத்துக்கொண்டார்கள். 2020-இல் அவருடைய இ.ஆர்.ஏ. 6.10. 2021-இல் வாஷிங்டனில் 2.20.

22.74 என்று அனுப்பப்பட்ட ரோசென்தால்? 2020-இல் கான்சஸ் சிட்டியிலும் சான் டியேகோவிலும் ஆடி, 1.90. அதைப் பார்த்து ஓக்லண்ட் அணி 2021-க்கு 1.1 கோடி டாலர் கொடுத்தது. காயத்தால் அந்த ஆண்டு அவர் ஒரு பந்துகூட வீசவில்லை.